பத்தொன்பதாம் எண் அட்டை

சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் துரைசாமிக்கு முப்பத்து நான்கு வருடமும் ஒரே வேலைதான்: வந்து நிற்கும் சரக்கு ரயிலை ஒட்டி நடந்து, ஒவ்வொரு வேகனின் எண்ணையும் எழுதுவது. ஓய்வு பெற்ற பின் பெஹாலாவிலுள்ள வீட்டில் எழுத ஒன்றுமில்லை. மகள் தேவிப்ரியாவும் இல்லை. தலசீமியா என்னும் ரத்த நோயோடு பிறந்தவள், மாதம் இருமுறை பேருந்து மாறி மாறிப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தவள். பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தாள்.

அவள் படுத்த வார்டுக்கு வரும் குழந்தைகளை ஏற்றிவர ஒரு நிறுவனம் வேன் தருவதாகச் சொன்னது. அதற்கு ஒரே நாளில் இருநூறு பேர் இருபது கிலோமீட்டர் நடந்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். துரைசாமி பொறுப்பேற்றார். மகளின் பெயரும் படமும் போட்டுப் பேனரும் அடித்துவிட்டார்.

அந்தக் குழந்தைகளில் பாதிப் பேர் மெட்டியாபுரூஜ் பகுதிக்காரர்கள். மசூதிக் கமிட்டி தலையசைத்தால்தான் அங்கிருந்து ஆள் வரும். கமிட்டித் தலைவர் முஸ்தாக் மொல்லா, சட்டை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். டீ வரவழைத்தார். துரைசாமி நீட்டிய படிவத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தார். பெயர், தகப்பன் பெயர், முகவரி, ஆதார் எண். யார்டு ரிஜிஸ்டர் மாதிரி துரைசாமியே கட்டம் போட்டது.

"போன குளிருக்குக் கம்பளி தர்றோம்னு வந்தவங்களும் இப்படித்தான் எழுதிட்டுப் போனாங்க, தாதா," என்றார் மொல்லா இந்தியில்; அங்கெல்லாம் மூத்தவரை அண்ணன் முறையில் 'தாதா' என்பது வழக்கம். "கம்பளி ஒரு தடவை வந்துச்சு. அந்த லிஸ்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு வேற ஆளுங்க மூணு தடவை வந்தாங்க. எங்கேருந்து வந்தே, எப்ப வந்தேன்னு. எங்க தாத்தா பொறந்த வீட்டுக்குள்ளயே நின்னு கேட்டாங்க."

துரைசாமி படிவத்தை மடித்துப் பையில் வைத்தார்.

வீட்டில் மனைவி சகுந்தலா விடவில்லை. "அவங்க என்ன வேகனா, நிக்க வெச்சு எழுதிட்டு வர?"

"வேகன்கிட்ட நம்பரைத் தவிர என்னடி கேட்டேன்?"

"அப்ப மனுஷங்ககிட்ட மட்டும் எதுக்கு இவ்வளவு?"

அடுத்த வாரம் வெறும் எண் அச்சிட்ட அட்டைகளோடு போனார். முடிவிடத்தில் அட்டையில் துளை போட்டு எண்ணினால் போதும் என்று நிறுவனத்தையும் சம்மதிக்க வைத்திருந்தார். மொல்லா ஓர் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோ?"

"கிடையாது."

"பேனர்ல ஒரு பொண்ணு பேரும் படமும் இருக்காமே. ஒரு பேரு தெரிஞ்சா, மத்த பேரு எங்கேன்னு கேப்பாங்க."

யார் அந்தப் பெண் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மொல்லா மனமிரங்கிவிடுவார். அவரை நம்பி வருகிறவர்களின் பயம் அப்படியே இருக்கும். "எடுத்துடறேன், சாஹேப்," என்றார் துரைசாமி.

ஜனவரி ஞாயிறு ஒன்றில் இருநூற்று நாற்பது பேர் நடந்தார்கள். புறப்படுமுன் இமாம் நோயுற்ற பிள்ளைகள் எல்லோருக்காகவும் வேண்டினார். யார் பெயரையும் சொல்லவில்லை. பேனர் பீரோவுக்குள், எழுத்து உட்பக்கமாக மடிந்து கிடந்தது.

துரைசாமி பத்தொன்பதாம் எண் அட்டையைத் தனக்கென எடுத்து வைத்திருந்தார். முடிவிடத்தில் மொல்லாவே துளை போட்டு, எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உன்னீஸ்!"

துரைசாமி அங்கேயே நின்றார்.

"பத்தொம்பது ஆச்சு, தாதா. கொஞ்சம் நகருங்க, பின்னால ஆள் நிக்கிறாங்க."

நகர்ந்தார்.