நலங்கு வைத்த பின் உலக வரலாறு

போன மாதம் எதிர்வீட்டுப் பெண்ணைத் திருவள்ளூரில் ஒரு நுழைவுத் தேர்வுக்குக் கொண்டுபோய் விடும் பொறுப்பு எனக்கு வந்தது. ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை கிடையாது என்று தெருவில் ஏகமனதாகத் தீர்மானம் ஆகியிருப்பதால் இப்படிப்பட்ட பொறுப்புகள் தாமாகவே வந்து சேர்கின்றன. வாசலில் அவள் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், கொண்டை ஊசியைப் பிடுங்கச் சொன்னார்கள். பிறகு ஒரு கருவியால் தலையிலிருந்து கால்வரை தடவினார்கள். சில அப்பாக்கள் சண்டை போட்டார்கள். நான் போடவில்லை. விதி என்றால் விதிதான் என்று வாழ்நாள் முழுக்கத் தாலுகா அலுவலகங்களில் உட்கார்ந்து ஊராருக்குச் சொன்னவன் நான். ஆனால் அந்தக் கருவி கீச்சென்று கத்தியதும் என் காதுமடல் சூடாகிவிட்டது. கையில் கத்தியோடு பரீட்சை எழுதப் போன ஒருத்தியை எனக்குத் தெரியும். என் தங்கை வசந்தா.

ரவுடி என்று நினைத்துவிடாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்கு ஆரம்பாக்கத்தில் கொஞ்சம் நெல் நிலம். ஆந்திரா எட்டிவிடும் தூரம் என்பதால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பொன்னேரி தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மேலே போக வேண்டுமானால் பட்டம் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் தபாலில் பாடம் அனுப்பிப் பட்டம் கொடுக்கும் ஏற்பாடு வந்திருந்தது. பி.ஏ. வரலாற்றில் சேர்ந்தேன். பியூசி முடித்துவிட்டு வீட்டில் இருந்த வசந்தாவும் என்னோடு சேர்ந்தாள். எப்படியும் எரியப் போகிற விளக்கில் இரண்டு பேர் படித்தால் என்ன என்று நைனா சிக்கனக் கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டார்.

பாடங்கள் சைக்ளோஸ்டைல் தாளில் வரும். உறையைப் பிரித்ததும் குப்பென்று மை வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த மாதிரி வாசனை வந்தால் எனக்குக் கான்ஸ்டான்டிநோபிள்தான் ஞாபகம் வருகிறது. உலக வரலாறு என்பது அந்த ஊர் துருக்கியர் கையில் விழுந்ததில் ஆரம்பித்து இரண்டாம் உலகப் போரில் முடிகிற ஒரே தாள். நான் அதை அலுவலகக் கோப்பு மாதிரி படித்தேன். மறுமலர்ச்சிக்குக் காரணங்கள் ஏழு, விளைவுகள் ஒன்பது. பிரெஞ்சுப் புரட்சிக்கு உடனடிக் காரணம், நெடுநாள் காரணம் என்று உட்பிரிவு. ஒரு ராஜாவின் தலை போனதுகூட எனக்குப் பட்டியலில் மூன்றாவது இனத்தின் துணை இனம்தான்.

வசந்தா வேறு மாதிரி படித்தாள். அவளுக்கு எல்லாரும் உறவுக்காரர்கள்.

"இங்கிலாந்துக்காரனும் ஜெர்மனிக்காரனும் ஒரே ராணிக் கெழவியோட பேரனுங்கண்ணா. ரஷ்யாக்காரன் அந்தக் கெழவி பேத்தியக் கட்டிக்கினவன். மொத உலகப் போருன்றது பங்காளிச் சண்டை. இதுக்கு எதுக்கு எட்டுக் காரணம் மனப்பாடம் பண்ணிக்கினு கீற?"

கீரை ஆய்ந்துகொண்டே அம்மா கேட்பாள்: "அவங்கள உக்கார வெச்சிப் பேச ஒரு பெரிய மனுசன் இல்லியாடி அந்த ஊர்ல?"

நைனாவும் சும்மா இருக்க மாட்டார். ஒருநாள் டச்சுக்காரர்களின் கீழைக் கடல் வாணிபத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். "யாரு, பழவேற்காட்டுல செத்துக் கெடக்கறானுங்களே, அவனுங்களா? எறா வாங்கப் போனா அவனுங்க கல்லறை மேலதான் குந்திக்கினு பீடி குடிப்போம்" என்றார். அது பாடத்தில் இல்லை என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். பழவேற்காடு எங்கள் தாலுகா. அந்த ஊர்க் கோப்புகள் தினமும் என் மேசை வழியாகத்தான் போய்வந்தன.

மூன்றாவது வருடம் வசந்தாவுக்கு வரன் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், தடை என்ற ஊருக்கு அருகில் ஒரு கிராமம். பையன் கும்மிடிப்பூண்டியில் புதிதாகத் திறந்திருந்த தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். நல்ல பையன், குறையொன்றும் இல்லை. பையனின் அப்பாதான் ஒரு நிபந்தனை போட்டார். "டிகிரி பாஸ் பண்ணிட்டு வந்தா நாளைக்கி எம் புள்ளய, நீ ஃபிட்டர்தானேன்னு கேக்கும். நலங்கு வெக்கறதோட படிப்பு நின்னுடணும்." அதற்குள் பரீட்சையெல்லாம் முடிந்துவிடும் என்ற தைரியத்தில் நைனா சரி என்றார்.

முடியவில்லை. கடைசித் தாளான உலக வரலாற்றை மட்டும் 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' தள்ளி வைத்தார்கள். நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த வார்த்தைகள்தான். என் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் அவற்றுக்கு அர்த்தமே கிடையாது என்று தெரிந்தது. புதுத் தேதி கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு. அதற்குள் நலங்கு வைத்தாகிவிட்டது. நலங்கு வைத்த பெண் வாசற்படி தாண்டக் கூடாது. காத்து கருப்பு அண்டாமலிருக்கக் கையில் இரும்பு வைத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை முகத்தில் முகூர்த்தம் வரைக்கும் விழிக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கும் இதே விதிகள்தான்.

வசந்தா அழவில்லை. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, "மூணு வருசம்ணா. ஒரே ஒரு பேப்பரு" என்றாள். தாலி ஏறிவிட்டால் அந்த ஒரு தாளை எழுத அவளை யாரும் அனுப்பப் போவதில்லை. ஒரு தாள் குறைந்தாலும் பட்டம் கிடையாது. விதி எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

வாக்குக் கொடுத்த நைனா தயங்கினார்; அம்மாதான் முடிவெடுத்தாள். "போவட்டும். காலைல போயி பொழுது சாயறதுக்குள்ள வந்துடலாம். சம்பந்தி ஊட்டுக்குத் தெரியக் கூடாது." தாய்மாமன் முனுசாமி தன் பங்குக்கு நிபந்தனைகள் போட்டார். மஞ்சளைக் கழுவக் கூடாது. கத்தி கையைவிட்டுப் போகக் கூடாது. மாமன் கூடவே இருப்பான்.

ஆகவே கரி இன்ஜின் இழுத்த மதராஸ் பாசஞ்சரில் அன்று காலை இப்படி ஏறினோம்: முகம், கை, கால் எல்லாம் மஞ்சளாக, கைநிறையக் கண்ணாடி வளையலோடு வசந்தா. முந்தானைக்குள் பாதி தெரிந்த காய் நறுக்கும் கத்தி. தூக்குச் சட்டியோடு அம்மா. தலைப்பாகையோடு மாமன். இஸ்திரி போட்ட சட்டையில் நான், ஹால் டிக்கெட்டோடு, எதிர்காலப் பட்டதாரி. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். மாமன் ஒவ்வொருவரிடமும், "பொண்ணு பரிச்சைக்குப் போவுது" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.

பொன்னேரியில் என் அலுவலகத்துத் தலைமை எழுத்தர் ஏறினார். அவரைக் கண்டதும் நான் பத்திரிகையை விரித்துக்கொண்டு அடுத்த பலகைக்கு நகர்ந்துவிட்டேன். அவர் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, "யாருய்யா அது, மஞ்சள்ல முக்கி எடுத்தாப்பல? உன்ன வேற பாத்துக்கினு இருக்குது" என்றார்.

"எங்க ஊர்க்காரங்க சார்" என்றேன்.

பொய்யில்லை. நிர்வாக மொழியில் அது துல்லியமான பதில். வசந்தாவுக்குக் காதில் விழுந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பரீட்சை மதராஸில் ஒரு கல்லூரியில். பெண்களுக்குத் தனி அறை. வாசலில் நின்று, பேனா, பென்சில், அடிக்கோல் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது என்று ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தை நானே ஒப்பித்தேன். "கத்தியக் குடுத்துட்டுப் போ வசந்தா. மானத்த வாங்காதே." மாமன் விடவில்லை. "கத்தி போனா நான் பொண்ண ஊட்டுக்குத் திருப்பிக் கூட்டிக்கினு பூடுவேன். இன்னாடா பெரிய ரூலு!"

சத்தம் கேட்டு மேற்பார்வை செய்த அம்மாள் வெளியே வந்தார். வசந்தாவை மேலும் கீழும் பார்த்தார். "எப்போம்மா கல்யாணம்?"

"நாளன்னைக்கி."

அவர் கத்தியை வாங்கித் தன் மேசை மேல் வினாத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "முதல் பெஞ்சிலே உட்காரு. அங்கேயிருந்து கத்தி உன் கண்ணுக்குத் தெரியும். போய் எழுது." அவ்வளவுதான். இதற்கு ஒரு விதி உண்டா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டார்கள்.

எனக்குக் கேள்விகள் தெரிந்தவைதான். மறுமலர்ச்சியின் ஏழு காரணங்களில் நாலு ஞாபகம் வந்தது. ஐந்தாவதை உத்திரத்தில் தேடிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் ஒரு தலைப்பாகை எழும்பியது. "டேய், பொண்ணு தாள் மேல தாள் வாங்கிக்கினு கீது. நீ இன்னாடா பல்லி பாத்துக்கினு கீற?" அறை முழுக்கச் சிரித்தது. அதன்பின் ஐரோப்பாவில் என்ன நடந்தது என்பது எனக்கு நினைவில்லை.

திரும்பும்போது எல்லாம் நல்லபடியாகவே போனது, கும்மிடிப்பூண்டி வரைக்கும். அங்கே ஷிப்ட் விட்ட கூட்டம் முண்டியடித்து ஏறியது. எங்கள் எதிர்ப்பலகையில் ஒரு பெரியவரும் ஒரு இளைஞனும் வந்து உட்கார்ந்தார்கள். இளைஞன் காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறை, முகத்தில் அப்பிய மஞ்சள். கையில் ஒரு பெரிய ஸ்பேனர்.

மாப்பிள்ளை. கூடவே அவர் அப்பா.

அம்மா சட்டென்று முந்தானையை இழுத்து வசந்தாவின் தலையை மூடினாள். அதே நேரம் பெரியவர் தோளிலிருந்த துண்டை உருவி மகன் முகத்தில் போர்த்தினார். முக்காடு போட்ட இரண்டு பொட்டலங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. ஒன்றில் கத்தி நீட்டிக்கொண்டிருந்தது, இன்னொன்றில் ஸ்பேனர்.

"இன்னா சம்பந்திம்மா, நலங்கு வெச்ச பொண்ண எங்க இட்டுக்கினு போய்ட்டு வரீங்க?" என்றார் பெரியவர்.

"அத்த நானும் கேக்கலாமாண்ணா?" என்றாள் அம்மா.

துண்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "புதுசா சேந்தவங்களுக்கு லீவு கெடையாது அத்தை. போட்டா பர்மனென்ட் பண்ண மாட்டான்."

முந்தானைக்குள்ளிருந்து வசந்தா சொன்னாள்: "இன்னிக்கி எழுதலன்னா எனக்கும் பர்மனென்ட் ஆவாது."

பெட்டியே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. படிப்பு நின்றுவிடும் என்று எங்கள் வீட்டில் சொன்ன சொல் அவர் கண்ணெதிரே மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கல்யாணம் நிற்கப் போகிறது என்றே நினைத்தேன். அவர் ஸ்பேனரைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். "நீங்களும் சொல்லாம போனீங்க. நாங்களும் சொல்லாம வந்தோம். பேஜாரு புடிச்ச காலம்" என்றார். பிறகு, "இரும்பாவது வெச்சிக்கினு இருந்தாங்களே" என்று பெருமூச்சு விட்டார்.

"இன்னா கேள்வி வந்திச்சி?" என்றது துண்டு.

"மொத உலகப் போரு."

"யாரு ஜெயிச்சது?"

"டேய், முகூர்த்தத்துக்கு முந்தி பேசக் கூடாதுடா!" என்று பெரியவர் கத்தினார். மாமனும் அவரும் அதற்குள் ஒரே தீப்பெட்டியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டியில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான். முன்பின் தெரியாத ஜனங்கள் முன்னால் எங்கள் வீட்டுக் கல்யாணமே இப்படி வேடிக்கையாகிவிட்டதே என்று நான் குன்றிப்போயிருந்தேன்.

கல்யாணம் முடிந்த பிறகு பரீட்சை முடிவு பத்திரிகையில் வந்தது. வசந்தாவின் எண் இருந்தது. என் எண் இல்லை. மாப்பிள்ளைதான் அதை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்காக அவர் கூச்சப்பட்டதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "அச்சுல உட்டுப் போயிருக்கும் மச்சான். கூட்டத்துல மெஷின்காரன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். மூன்றாவது தடவைதான் என் எண் மெஷின்காரன் கண்ணுக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமானது. பெண்டாட்டியை மேலே படிக்க வைத்தார், பெரியவர் முணுமுணுத்ததோடு சரி. வசந்தா அரசுப் பள்ளியில் ஆசிரியையானாள். ஒருநாள் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதன்பின் அந்த வீடு நடந்தது அவள் சம்பளத்தில்தான். இப்போது தொழிற்சாலை இருந்த இடத்தில் யாருடையதோ கிடங்கு இருக்கிறது. கரி இன்ஜின் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் வீட்டு விஷயத்தை இன்னொருவர் கேட்கும் அந்தப் பயணமும் இல்லை. நைனா, அம்மா, மாமன், பெரியவர், மாப்பிள்ளை, எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியாக வசந்தாவும்.

அவள் வேலையில் இருந்த காலத்தில் ஒரு தேர்தலுக்கு முன்பு, வாக்குச்சாவடியாகப் போகும் பள்ளிக் கட்டடங்களைப் பார்வையிட வேண்டியிருந்தது. அவள் பள்ளியும் என் பட்டியலில் இருந்தது. சாய்வுதளம் உண்டா, மின்விளக்கு எரிகிறதா என்று குறித்துக்கொண்டே தாழ்வாரத்தில் போனபோது அவள் வகுப்பைத் தாண்ட நேர்ந்தது. கூடவே என் கீழ்ப் பணியாளர்கள் நாலு பேர். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் அதிகாரியாகத் தலையசைத்துவிட்டு நகரப் பார்த்தேன். அவள் சாக்பீஸ் தூசி படிந்த கையால் என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"எல்லாரும் எழுந்து வணக்கம் சொல்லுங்க. இவரு எங்க அண்ணன். என்னப் பரீட்சைக்குக் கூட்டிக்கினு போனவரு."

பிள்ளைகள் எழுந்து நின்று ராகம் போட்டு வணக்கம் சொன்னார்கள். வாசலில் என் பணியாளர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். நான் கைகூப்பி அதை வாங்கிக்கொண்டேன். அப்படியில்லை, நான் ரயிலில் அடுத்த பலகையில் உட்கார்ந்திருந்தேன் என்று அவளிடம் ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியாததா என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். இப்போது சொல்லலாமென்றால் கேட்க அவள் இல்லை.