முன்சீட்டுக் கம்பி

மறைமலைநகர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் அவர் எனக்குப் பக்கத்து சீட். தடித்த கழுத்து, கிரீஸ் கறை போகாத விரல்கள். தினமும் போனில் அமெரிக்கச் செய்தி பார்ப்பார். கோபம் வந்தால் முன்சீட்டுக் கம்பியில் ஓங்கிக் குத்துவார்.

அன்று, பிழைக்கப் போனவர்களைக் கை கால்களில் சங்கிலி மாட்டி விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்புவதைக் காட்டினார்கள். கம்பி அதிர்ந்தது.

"நாய் மாதிரி கட்டி இட்டுகினு போறான் பாரு மச்சான். அந்த நாட்ட கட்டினதே வந்தவன்தானே?" அவர் கண் கலங்கியிருந்தது.

சிங்கப்பெருமாள் கோயிலில் பஸ் நின்றது. முன்பாதி சீட்டுகள் பர்மனென்ட் ஆட்களுக்கு, காண்ட்ராக்ட் ஆட்கள் பின்னால்தான் உட்கார வேண்டும் என்பது எங்கள் பஸ்ஸின் வழக்கம். அது தெரியாமல், காண்ட்ராக்டில் புதிதாகச் சேர்ந்த பீகார்க்காரர் ஒருவர் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

என் பக்கத்து சீட்காரர் எழுந்து, அந்த ஆளின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, வாயிலேயே குத்தினார். கீழே விழுந்தவரை உதைத்தார்.

"பொழைக்க வந்த எடத்துல அடங்கி இருடா! பின்னால போ!"

அந்த ஆள் ரத்தம் ஒழுகும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்.

"இன்னாத்துக்கு அண்ணாத்த அடிச்ச?" என்றேன்.

"பின்ன? அது நம்ம சீட்டுபா." உட்கார்ந்து போனை என் பக்கம் திருப்பினார். "இத பாரு, பொம்பளைக்குக் கூட சங்கிலி போட்டு வச்சிகிறான்."

மறுபடியும் அவர் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.