இரண்டு டாக்டர்களுக்கு நடுவில் ஓர் ஏலக்காரர்

என் வீட்டுக்காரர் ஏலம் கூறுகிறவர். மவுண்ட் ரோட்டில் ஓர் ஏலக் கம்பெனியில் அவருக்கு உத்தியோகம். யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம் அது. அடையாற்றில் ஆற்றங்கரைப் பங்களாக்கள் வாரத்துக்கு ஒன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. கட்டில், பியானோ, பீங்கான், நாய்க்கூண்டு எல்லாவற்றையும் தோட்டத்தில் பரப்பி வைப்பார்கள். இவர் ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்று குரல் கொடுத்தால் எதிர்க்கரையில் துணி துவைப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். குரலைவிட முகம்தான் பெரிய வியாபாரி. புருவத்தை ஒரு தூக்கு, உதட்டை ஒரு சுழிப்பு. கால் உடைந்த குடைத்தாங்கிக்குக்கூட நான்கு பேர் போட்டி போடுவார்கள்.

நாங்கள் மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். குழந்தைகள் இல்லை. அவருக்கு ஐம்பது நடந்துகொண்டிருந்தபோது வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் நாங்கள் அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். ஓர் ஏலத்தில், கண்ணாடி பதித்த பீரோவுக்கு அப்போதுதான் முதல் ஆள் வாயைத் திறந்திருந்தார். இவர் கையிலிருந்த மரச்சுத்தி நடுங்கி மேஜையில் தட்டிவிட்டது. தட்டினால் முடிந்தது, மாற்ற முடியாது. மந்தைவெளி மரக்கடைக்காரர் ஒருவர் தாம் செய்த புண்ணியத்தை நினைத்தபடி பீரோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி இவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்த ஒரு வருஷத்தில் குரல் இறங்கியது. நடை சுருங்கியது. கையெழுத்து எறும்பு வரிசை மாதிரி ஆயிற்று. கம்பெனியில் நல்லவர்கள், வேலையை விட்டு நீக்காமல், பின்னறையில் உட்கார்ந்து ஏலப் பொருள்களை வரிசைப்படுத்தி ஜாபிதா, அதாவது பட்டியல், எழுதச் சொன்னார்கள். இதையெல்லாம்விட எனக்குப் பெரிய அடி, அவர் முகம் அசையாமல் போனது. கோபம், ஆசை, பரிகாசம், ஒன்றும் அதில் ஏறவில்லை. இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது.

பார்க்க வந்தவர்களோ ஒரே பாராட்டு. என்ன நிதானம், என்ன பக்குவம் என்றார்கள். எதிர்வீட்டு அம்மாள் தன் கணவரை அழைத்து வந்து, இவரைப் பார்த்து ஏதாவது கற்றுக்கொள்ளும்படி புத்தி சொன்னாள். இவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பக்குவத்துக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

எனக்குத்தான் தெரியும். வெண்டைக்காய் மோர்க்குழம்பு தட்டில் அப்படியே திரும்பி வரும். பத்திரிகை மடிப்புக் கலையாமல் கிடக்கும். சில மத்தியானங்களில் அவர் கண்ணிலிருந்து நீர் வழியும். முகம் மட்டும் அசையாது, ஒழுகும் சுவர் மாதிரி. ஒரு நாள் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேட்கிற அதே குரலில், "நான் இல்லாம போய்ட்டா உனக்கு சௌகரியமா இருக்கும்" என்றார்.

முறத்தை அப்படியே வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். எங்கள் டாக்டர் மயிலாப்பூர்க்காரர், அன்பானவர். கடிகாரப் பைத்தியம். அவர் அறையில் மூன்று சுவர்க் கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டும். இது நடுக்குவாதம் என்று கண்டுபிடித்து, பெல்லடோனா சொட்டு மருந்து கொடுத்துவந்தவர் அவர்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "கை நடுங்குது, கால் தளருது. மனசு மட்டும் துள்ளிக் குதிக்குமாம்மா? சோகம் இயற்கைதான்" என்றார்.

வீடு வரும்வரை அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. அடுப்பில் சோறு கொதிக்கிறபோதுதான் யோசித்தேன். கால் ஒடிந்தால் வலிப்பது இயற்கைதான். அதற்காகக் கட்டுப் போடாமல் விடுகிறோமா?

மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டர் தி.நகரில் தம் வீட்டிலேயே மத்தியானங்களில் ஆள் பார்க்கிறார் என்று பக்கத்துத் தெரு டீச்சர் சொன்னாள். விஷயம் எப்படியோ மந்தைவெளியில் இருந்த இவருடைய அண்ணன் காதுக்குப் போய்விட்டது. வாரம் தவறாமல் தம்பிக்குச் சாத்துக்குடி வாங்கி வருகிற மனிதர், அன்று வெறுங்கையோடு வந்தார். "கீழ்ப்பாக்கம் கேஸுன்னு ஒரு பேச்சு கிளம்பிச்சின்னா, என் பொண்ண எவன்மா கட்டுவான்?" என்று அடுக்களை வாசலில் நின்று கேட்டார். கீழ்ப்பாக்கத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கும் தி.நகருக்கும் எத்தனை மைல் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அந்த ஊர்ப் பெயரை ஒருதரம் சொல்லிவிட்டால் போதும், மைல் கணக்கு யாருக்கும் ஞாபகம் இராது.

அடுத்த வாரம் அண்ணனுக்குச் சொல்லாமல் கிளம்பினோம். குளத்து மூலையில் ரிக்‌ஷா. தெருப் பெயரை நான் தணிந்த குரலில்தான் சொன்னேன். ரிக்‌ஷாக்காரருக்குத் தம் ஊர் ஞானத்தைக் காட்டிக்கொள்ள ஆசை. "அந்தப் பைத்தியக்கார டாக்டரு வூடா? நமக்குத் தெரியும்மா, போன வாரங்கூட ஒருத்தர இட்டுக்கினு போனேன்" என்றார், கோபுரத்துக்குக் கேட்கிற மாதிரி. பூக்காரி கட்டுவதை நிறுத்தினாள். வெற்றிலைக் கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

இவர் இறங்க ஆரம்பித்தார். ஆரம்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கால் தரையைத் தொட அத்தனை நேரம் ஆயிற்று. பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் சாவகாசமாகப் பார்த்து முடித்தார்கள். "நான் இன்னா தப்பா சொல்ட்டேன்?" என்று ரிக்‌ஷாக்காரர் நிஜமான வருத்தத்தோடு எங்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தார்.

மறுமுறை பஸ்ஸில் போனோம். இது வேறு டாக்டர், நரம்புக்குப் பார்க்கிறவர் என்று இவரிடம் பொய் சொன்னேன். தி.நகர் டாக்டர் மெலிந்த, சுறுசுறுப்பான மனிதர். இன்று என்ன கிழமை, ராஜா யார், நூறில் ஏழு போனால் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். மனசில் துக்கம் உண்டா என்றபோது மட்டும் பதில் வரத் தாமதமாயிற்று. டாக்டர் அந்த அசையாத முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கடைசியில், இவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, துக்கத்துக்கு அடையாளம் இல்லை, நடுக்கம் தம் இலாகா இல்லை என்று ஒரு கடிதம் எழுதி மயிலாப்பூர் டாக்டருக்குக் கொடுத்தனுப்பினார். மயிலாப்பூர் டாக்டர், நரம்புக்குத் தாம் செய்வதைச் செய்தாகிவிட்டது, மற்றது தங்கள் இலாகா என்று பதில் எழுதினார். இரண்டு மாதம் நான் சம்பளமில்லாத தபால்காரியாக அலைந்தேன். மரியாதையில் இரண்டு பேருக்கும் குறைவே இல்லை. ஒவ்வொரு கடிதமும் 'மதிப்புக்குரிய நண்பரே' என்றுதான் ஆரம்பிக்கும்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு பூனை வந்து சேர்ந்தது. இவர் கண்ணுக்கு மட்டும். பீரோமேல் உட்கார்ந்திருக்கிறது, பாவம், கொஞ்சம் பால் வை என்றார். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. பூனை சொட்டு மருந்தால் வந்தது என்று தி.நகர் எழுதியது. மனசால் வந்தது என்று மயிலாப்பூர் எழுதியது. பூனை அதுபாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

ஒரு நாள் இவர் வீட்டுக்குக் கொண்டுவந்த ஜாபிதாவைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காக அதைப் பெரிய எழுத்தில் திருப்பி எழுதித் தருவது என் வேலை. அடையாற்றில் ஒரு நீதிபதியின் பங்களா. அதில், ஆள் உயரக் கடிகாரம் ஒன்று. ஓர் அலமாரி நிறைய ஆங்கில வைத்தியப் புத்தகங்கள். சட்டென்று ஒன்று தோன்றியது. இரண்டு டாக்டர்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு எழுதி அனுப்பினேன். மயிலாப்பூருக்குக் கடிகாரம், தி.நகருக்குப் புத்தகம்.

ஏலத்தன்று நானும் போயிருந்தேன். இரண்டு பேரும் வந்தார்கள். எனக்குத் தெரியாத ஒரு சங்கதி, தி.நகர் டாக்டருக்கும் கடிகாரத்தின்மேல் ஆசை உண்டு என்பது. அவர்களுக்குத் தெரியாத சங்கதி, எதிரே நிற்பவர்தான் அந்த மதிப்புக்குரிய நண்பர் என்பது. கடிகாரத்தின் விலையை ஒருவர் ஏற்ற, மற்றவர் ஏற்ற, இரண்டு முகமும் சிவந்துவிட்டன. நான் நடுவில் போய் நின்று ஒருவரை மற்றவருக்கு அறிமுகப்படுத்தினேன். இருவரும் ஒரே சமயத்தில் தொப்பியைக் கழற்றினார்கள். அந்த இடைவெளியில் தி.நகர் நகைக்கடைக்காரர் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லிக் கடிகாரத்தை வாங்கிவிட்டார்.

வராந்தாவில், எண் ஒட்டிய நாற்காலிகளில் அவர்களை உட்கார வைத்தேன். சாமான்களைச் சரிபார்க்க வந்திருந்த இவரையும் கூட்டி வந்தேன். தி.நகர் டாக்டரிடம், "அவர் முகத்தப் பாக்காதீங்க. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க. எத்தனை நேரமானாலும் சரி" என்றேன்.

அவர் கேட்டார். காத்திருந்தார். தோட்டத்தில் ஒரு ஜோடி விளக்கும் ஒரு ஜமக்காளமும் விற்றுப்போயின. அப்புறம் இவர் மெதுவாகச் சொன்னார்:

"நான் உடைஞ்சி கிடக்கறேன்னு யாருக்கும் தெரியல. சொன்னாலும் நம்பமாட்டேங்கறாங்க. என் மூஞ்சியே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது, டாக்டர்."

தி.நகர் டாக்டர் தம் நாற்காலியை இவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று தாம் சரியாகப் பார்க்கவில்லை என்று என்னிடம் ஒப்புக்கொண்டார். அப்படிச் சொன்ன டாக்டரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. பத்தே நிமிஷத்தில், இரண்டு மாதக் கடிதங்களில் நடக்காத காரியம் நடந்தது. சொட்டு மருந்தைப் பாதியாகக் குறைத்தார்கள். பத்து நாளில் பூனை போய்விட்டது. இவர் கொஞ்சம் வருத்தப்பட்டார் என்றே நினைக்கிறேன்.

தி.நகர் டாக்டர் சனிக்கிழமைதோறும் கோயிலுக்கு வருகிறவர். வருகிற வழியில் எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இவரோடு சீட்டாடிவிட்டுப் போவார். ஆட்டம் பாதி, பேச்சு பாதி. என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. சிநேகிதர் என்று அண்ணனிடம் சொன்னோம். அவருக்கும் நிம்மதி, சாத்துக்குடியும் திரும்ப வந்தது. பழைய ஏலப் பட்டியலைத் தினமும் உரக்கக் கூறிப் பழகச் சொன்னார் டாக்டர். பேச்சில் வராத குரல் அதில் மட்டும் ஆச்சரியமாக வந்தது. திருவான்மியூர்க் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தோம். மோர்க்குழம்பு தட்டில் குறைய ஆரம்பித்தது.

நோய் போகவில்லை, போகிற நோய் இல்லை அது. நடுக்கம் இடது கைக்கும் வந்தது. அண்ணன் மகளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. அதற்கடுத்த ஐப்பசியில், ஒரு காலை, மழை விட்டிருந்த நேரம், இவர் படுக்கையில் உட்கார்ந்தபடி, "மறுபடியும் அது வந்துடுச்சி" என்றார்.

பூனை இல்லை, அந்தப் பழைய துக்கம்தான் என்று எனக்குத் தெரிந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். இன்னிக்கே தி.நகருக்குப் போயிடலாம்" என்றார்.

சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடப் போனேன். தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அரை மணி நேரம் ஆயிற்று. நான் குடையை எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டி, வாசலில் நின்றிருந்தேன்.