சிவசண்முகம் பிள்ளையின் கண்ணுக்குள் கிடந்த ஆட்டுக்கால்

திருநெல்வேலி டவுனில் சிவசண்முகம் பிள்ளையின் சைவம் ரொம்பப் பிரசித்தம். முட்டை என்ற சொல் காதில் விழுந்தாலே குளிக்கப் போய்விடுவார். நெல் வியாபாரம் என்று சொல்லிவிட்டு அவ்வப்போது பேட்டைக்குப் போய், சிநேகிதர் தாஜ் முகம்மது வீட்டில் ஆட்டுக்கால் பாயாவை வழித்து வழித்துச் சாப்பிட்டு வருவதும் அதே பிள்ளைதான். மனைவி கோமுவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் இல்லாவிட்டால் மனுஷருக்குத் தன் வேட்டி இருக்கிற இடம்கூடத் தெரியாது.

1912ஆம் வருஷம் பார்வை மங்கியது. பாளையங்கோட்டை டாக்டர் அப்பாத்துரையிடம் நடுவில் துளையிட்ட சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று இருந்தது. விளக்கு வெளிச்சத்தை அதில் வாங்கி நோயாளியின் கண்ணுக்குள் திருப்பிவிட்டு, துளை வழியாக உள்ளே பார்ப்பார்.

"நாம பாக்கதெல்லாம் கண்ணுக்குப் பின்னால படமா விழுது அண்ணாச்சி. அந்த எடத்தத்தான் டாக்டர் பாக்காரு" என்று கம்பவுண்டர் இஸ்ரவேல் விளக்கியதும் பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. விழுந்த படமெல்லாம் அங்கேயேதானே கிடக்கும்?

பரிசோதனைக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அதுவரை பிள்ளை உள்ளே கிடப்பதை மூடி மறைக்கப் படாதபாடு பட்டார். நெல்லையப்பர் கோயில் கோபுரத்தை இமைக்காமல் பார்த்தார். சந்தையில் கீரைக்கட்டுகளை வெறித்துக்கொண்டு நின்றதில் கீரைக்காரி சண்டைக்கு வந்தாள். பேட்டைக்கும் போகாமல் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சாப்பிட்டதில் எலும்பைக் கடித்து ஒரு பல் ஆட்டம் கண்டது.

குறித்த நாளில் கோமுவும் கிளம்பினாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். கண்ணில் மருந்து விட்டு, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிய அறையில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். வெளியே காத்திருந்த கோமுவுக்கும் இஸ்ரவேல் அதே படக்கதையைச் சொல்லி, அடுத்து அவளைத்தான் பார்ப்பார்கள் என்று உள்ளே கூட்டி வந்து மூலையில் உட்கார வைத்தார். இருட்டில் பிள்ளைக்கு அது தெரியாது.

டாக்டர் மூக்கோடு மூக்கு உரச நெருங்கினார். "ஓரத்துல என்னமோ தெரியுதே, பிள்ளைவாள்."

பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டுக்கால்தான்யா. பேட்டையில தின்னது. வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க."

புரை விழ ஆரம்பித்திருக்கிறது, அதைத்தான் சொன்னேன் என்றார் டாக்டர். மூலையில் வளையல் குலுங்கியது. பிள்ளைக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அடுத்து அம்மா வரட்டும் என்று டாக்டர் கூப்பிட்டபோது கோமு வாசலைத் தாண்டியிருந்தாள். தன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அங்கிருந்தே சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் அவள் பெட்டி கட்டப் போகிறாள் என்றே வண்டியில் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தார். ஆற்றுப் பாலம் வந்ததும் கோமு வண்டிக்காரனுக்குக் கேட்காதபடி பிள்ளையின் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, கண்ண மூடிக்கிட்டுத் தின்னா படம் விழாதோ?"

பிள்ளை ஆடுகிற பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"விழாது. எலும்பு இருக்கும், பையக் கடிக்கணும்" என்றார்.