கப்பல் பால்கனியில் அமாவாசைச் சோறு

எனக்குப் பெருமாள் மேல நம்பிக்கை உண்டு, பேய் பிசாசு மேல கிடையவே கிடையாது. இத முதல்லயே சொல்லிடறேன். புரட்டாசி சனிக்கிழமைன்னா இரும்புலியூர்ல இருந்து பஸ் மாறித் திருநீர்மலைக்குப் போய் மலை ஏறிக் கும்பிட்டுட்டு வர்றவ நான். ஆனா யாராவது அங்க உருவம் தெரிஞ்சுது, இங்க கொலுசு சத்தம் கேட்டுதுன்னு ஆரம்பிச்சா, நேத்து சாப்பிட்டது செரிக்கலையான்னு கேட்டுட்டு எழுந்து போயிடுவேன். இப்ப நானே சொல்ல வந்திருக்கேன், நீங்க எழுந்து போகாம இருந்தா சரி. பத்தாவதோட நின்ன படிப்பு, முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்குங்க. நடந்தது அத்தனையும் சத்தியம்.

எங்க மக கவிதாவும் மாப்பிள்ளையும் அவங்க புள்ளைங்களோட என்னையும் எங்க வீட்டுக்காரரையும் சொகுசுக் கப்பல்ல கூட்டிட்டுப் போனாங்க. கப்பல்னா நான் என்னமோ நினைச்சேன், அது தாம்பரம் மார்க்கெட்டையே தூக்கி உள்ள வெச்ச மாதிரி கடை, லிஃப்ட், ஓட்டல், நீச்சல் குளம்னு போய்க்கிட்டே இருக்கு. எங்களுக்குப் பால்கனி வெச்ச ரூம். நடுவுல ஒரு நாள் எந்த ஊர்லயும் நிக்காது, விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் வெறும் கடல்தான்னாங்க. அன்னிக்குக் காலையில போன்ல பஞ்சாங்கத்தப் பார்க்கறேன், அமாவாசை. டிக்கெட் போடும்போது ஒருத்தருக்கும் அது தோணல பாருங்க.

எங்க வீட்டுக்காரர் அமாவாசையன்னிக்கு அவங்க அம்மாவ நினைச்சு எள்ளு கலந்த சோத்த மொட்டை மாடிச் சுவர்ல வெப்பார். காக்கா வந்து வாய் வெச்சாத்தான் இவர் சாப்பிடுவார், அதுவரைக்கும் பச்சத் தண்ணி மட்டும்தான். வீட்ல இருந்தா கவலையில்ல, எங்க தெரு காக்காங்களுக்கு அமாவாசை நம்மள விட நல்லாத் தெரியும். இங்க என்ன பண்றது? அவருக்குச் சக்கரை வேற. நான் அமாவாசைன்னு சொல்றதுக்குள்ள இன்சுலின் போட்டுக்கிட்டார். போட்டா சாப்பிட்டே ஆகணும், இல்லேன்னா சக்கரை இறங்கி ஆளையே சாய்ச்சுடும். ஒரு தடவை அப்படி விழுந்து, ஆஸ்பத்திரியில இன்னும் கொஞ்சம் தாமதம் ஆகியிருந்தா அவ்ளோதான்னு சொல்லி அனுப்பினாங்க.

"அத்தை, நடுக்கடல்ல காக்கா எங்கிருந்து வரும்? ஃப்ளைட் புடிச்சா?"ன்னு மாப்பிள்ளை சிரிச்சார்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணுங்கப்பா, பாட்டி ஒண்ணும் கோச்சுக்க மாட்டாங்க"ன்னா கவிதா.

"எங்கம்மா கோச்சுக்குமா கோச்சுக்காதான்னு நீ எனக்குச் சொல்றியா? போ, புள்ளைங்கள தண்ணியில வெளயாட விடு"ன்னு விரட்டி விட்டுட்டார்.

அவங்க மேல் தளத்துக்குப் போயிட்டாங்க. நான் கெஞ்சிக் கூத்தாடி, பால்கனியில வெப்போம், கடல் பறவை எது வந்து கொத்தினாலும் உங்கம்மா ஏத்துக்குவாங்கன்னு ஒரு வழியா சம்மதிக்க வெச்சேன். சாப்பாட்டுக் கூடத்துல இருந்து எடுத்து வந்த வெள்ளைச் சோறும் தயிரும்தான் இருந்துச்சு. எள்ளுக்கு எங்க போறது? "சீக்கிரம் வை விஜயா, கண்ணு ஒரு மாதிரி இருட்டுது"ன்னார். தட்டைத் தூக்கிக்கிட்டுப் பால்கனிக்கு ஓடினேன். ஆள் நின்னா பறவை கிட்ட வராது இல்லையா, அதனால "நான் மூலையில ஒதுங்கி நிக்கறேன், கதவச் சாத்திட்டுத் திரைய இழுத்து விடுங்க"ன்னு நானேதான் சொன்னேன்.

அவருக்கு ஒரு கைப்பழக்கம். எங்க ஏரியாவுல குரங்குத் தொல்லை, அதனால வீட்ல எந்தக் கதவச் சாத்தினாலும் கையோட தாழ்ப்பாளும் விழுந்துடும். இங்கயும் அந்தக் கனமான கண்ணாடிக் கதவ இழுத்துச் சாத்தினவர் பிடியத் திருப்பி விட்டுட்டார். டொக்குனு ஒரு சத்தம். அப்ப எனக்கு உறைக்கல.

"கா... கா..."ன்னு கூப்பிட்டேன். வெயில் உச்சியில நிக்குது, சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி, ஒரு இறக்கை அசையல. என் குரல் வாயை விட்டு வெளிய வர்றதுக்குள்ள காத்து பிடுங்கிட்டுப் போயிடுது. சரி, உள்ள போய் அவர் கால்ல விழுந்தாவது சாப்பிட வெப்போம்னு கதவ இழுக்கறேன், வரல. தட்டறேன், பதில் இல்ல. திரையில ஒரு இடுக்கு இருந்துச்சு. கண்ணு ரெண்டு பக்கமும் கைய அணைச்சுக் கண்ணாடியில ஒட்டிப் பார்த்தா, அவர் கட்டில்ல குறுக்கால கிடக்கார். சட்டையெல்லாம் வேர்வை. கை மட்டும் வெட்டி வெட்டி இழுக்குது.

போன் உள்ள சார்ஜ்ல கிடக்கு. ரெண்டு பக்கமும் பக்கத்து ரூமை மறைக்கற தடுப்பு. கீழ எட்டிப் பார்த்தா தலை சுத்துது, அவ்ளோ ஆழத்துல தண்ணி ஓடிக்கிட்டிருக்கு. நாற்காலியத் தூக்கிக் கண்ணாடியில அடிச்சேன், கீறல்கூட விழல. ஆயிரக்கணக்கான ஜனம் இருக்கற கப்பல்ல நான் தொண்டை கிழியக் கத்தறேன், மேல எங்கயோ மைக்ல ஆட்டம் பாட்டம் நடக்குது. நடுவுல ஒரு விரல் தடிமன் கண்ணாடிதான், அந்தப் பக்கம் என் புருஷனுக்கு உயிர் போய்க்கிட்டிருக்கு, நான் பார்த்துக்கிட்டு நிக்கறேன். ரங்கநாதா, ரங்கநாதான்னு அழுதேன்.

மறுபடி இடுக்குல கண்ண வெச்சேன். நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி. கட்டில் ஓரத்துல ஒரு பொம்பளை உக்காந்திருந்தாங்க.

முதுகுதான் தெரிஞ்சுது. நரைச்ச கொண்டை, பச்சைச் சுங்குடிப் புடவை, கூன் விழுந்த தோள். எங்க மாமியார் முதுகு எனக்குத் தெரியாதா? வாதம் வந்து படுத்தப்போ அந்த முதுகுக்கு நான்தானே வருஷக்கணக்கா எண்ணெய் தேய்ச்சு விட்டேன். கடைசி வரைக்கும் தூக்க முடியாம போன அந்த வலது கை இப்ப மேலயும் கீழயும் போய்க்கிட்டிருந்துச்சு. உருட்டி உருட்டி அவர் வாயில வெக்கறாங்க. அவர் கண்ண மூடிக்கிட்டே முழுங்கறார்.

நான் சந்தோஷப்பட்டேன்னு நினைக்காதீங்க. கூட்டிட்டுப் போகத்தான் வந்துட்டாங்கன்னு தோணிடுச்சு. "அத்தை! அவர விட்டுடுங்க அத்தை! உங்க புள்ளைய எனக்குக் குடுத்துடுங்க!"ன்னு கத்தினேன். அந்தக் கை அப்படியே நின்னுச்சு. திரும்பிடப் போறாங்களோன்னு நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். அந்த முகத்தப் பார்க்கற தைரியம் எனக்கு இல்ல.

எவ்ளோ நேரம் ஆச்சோ, டொக்குனு பிடி திரும்புது. கவிதா நிக்கறா, புள்ளைங்க துணி எடுக்க வந்தாளாம். "வெளிய என்னம்மா பண்ற?" அவளத் தள்ளிட்டு ஓடினேன். அவர் தலையணையில நல்லா நேராப் படுத்திருக்கார், வேர்வை காஞ்சிருக்கு.

கண்ண முழிச்சு, "ஏன் இப்படி அழற? வயிறு நெறஞ்சுது, தூங்கிட்டேன்"ங்கறார்.

"என்ன சாப்பிட்டீங்க? யார் குடுத்தா?"

"நீதானே ஊட்டின? உன் கை ஏன் விஜயா அவ்ளோ சில்லுனு இருந்துச்சு?"

கப்பல் டாக்டர் வந்து பார்த்தார், சக்கரை சரியா இருக்கு, ஏதோ சாப்பிட்டிருக்கார்னுட்டார். ரூம்ல பிஸ்கட்கூட இல்ல. நான் வெச்ச தயிர் சோறு பால்கனியில வெச்சது வெச்சபடி காஞ்சு கிடந்துச்சு. ஆனா அவர் வாயத் துடைக்கறப்போ ஓரத்துல கறுப்பு எள்ளு ஒட்டியிருந்துச்சு. பன்னுல எள்ளு போடுவாங்கம்மான்னா கவிதா. அது வெள்ளை எள்ளுன்னு நான் வாதாடல, வாதாடி என்ன ஆகப் போகுது? கரை வர்ற வரைக்கும் அதே ரூம், அதே கட்டில், இறங்கி ஓடவும் வழியில்ல. கோவிந்தா கோவிந்தான்னு சொல்லிக்கிட்டு அந்தக் கட்டில் ஓரத்துல உக்காராமயே நாளத் தள்ளினேன்.

அவர் இன்னிக்கு நல்லா இருக்கார், அதுல குறையில்ல. பெருமாள் புண்ணியமோ அத்தை புண்ணியமோ, கும்பிட்டுக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான் இதுவரைக்கும் கவிதாகிட்டகூடச் சொன்னதில்ல. வீட்ல சில நாள் அவருக்குச் சோறு போட்டு வெப்பேன். கை தட்டுலயே அசையாம இருக்கும், பிசைஞ்சுகூட இருக்க மாட்டார். தலை லேசா ஒரு பக்கமாத் திரும்பும், சின்னப் புள்ளை மாதிரி வாயத் திறப்பார். அப்புறம் மூடி, மெதுவா மெல்லுவார். நான் அந்தப் பக்கம் பார்க்கறதில்ல.