மையத்திலை கண்டதைச் சொன்னவள்

நாலைஞ்சு வருசத்துக்கு முந்தி, மழை விட்டு டெங்குக் காய்ச்சல் யாழ்ப்பாணம் முழுக்கப் பரவிக் கிடந்த ஒரு மார்கழியிலை நடந்தது இது. எங்கடை தெருவிலை நாலு வீடு தள்ளி இருந்த ஒரு பிள்ளை அந்தக் காய்ச்சலோடை ஆஸ்பத்திரியிலை மவுத்தாப் போனா. முப்பது வயசும் இராது. உம்மா வாப்பா இல்லாத பிள்ளை. ளுஹர் தொழுகை முடிய மையத்தை, அவவின்ரை உயிரில்லாத உடம்பை, வீட்டை கொண்டுவந்தினம், பின்னேரம் அஸர் தொழுகையோடை அடக்கோணும் எண்டு அவசரப்படுத்திச்சினம்.

எங்கடை ஆக்களிலை ஒரு பொம்பிளை மவுத்தானா, குளிப்பாட்டிக் கபன் சீலை சுத்த எண்டு தெரிஞ்ச சில பொம்பிளையள் போவம். சம்பளத்துக்கில்லை, நன்மைக்கு. நானும் அதிலை ஒருத்தி. புத்தளத்திலை அகதியா இருந்த காலத்திலை பழகினனான், ஊர் திரும்பின பிறகும் விடேல்லை. அண்டைக்கும் சொல்லி அனுப்பிச்சினம், போனன்.

பின்வளவிலை சீலை கட்டி மறைச்சு, பலகையிலை கிடத்தி, நாங்கள் மூண்டு பேர் நிண்டம். தலைமாட்டிலை நிண்டவ எங்களுக்குள்ளை மூத்தவ, லாத்தா எண்டுதான் அவவைக் கூப்பிடுறது, இந்த வேலையிலை அவ சொல்லுறதுதான் சட்டம். இலந்தை இலை போட்டுக் காய்ச்சின தண்ணியை நான் ஊத்திக்கொண்டு வந்தன். வலப்பக்கம் கழுவ எண்டு பிள்ளையை இடப்பக்கமாச் சரிச்ச நேரம் முதுகு தெரிஞ்சுது. யா அல்லாஹ்! என்ரை கை அப்பிடியே நிண்டிட்டுது.

முதுகு முழுக்க பெல்ட் கொக்கி பட்ட தழும்பு. சிலது ஆறி வெள்ளையாப் போயிருந்தது, சிலது இன்னும் கறுப்பு. ஒண்டுக்கு மேலை ஒண்டு. டெங்குவுக்கும் உடம்பிலை புள்ளி போடுறதுதான், எனக்குத் தெரியாததில்லை. ஆனா எந்தக் காய்ச்சல் கொக்கியின்ரை நாலு மூலையையும் கீறி வைக்கும்?

லாத்தா என்ரை முகத்தைப் பாத்தா. "காய்ச்சலின்ரை அடையாளம். நீ தண்ணியை ஊத்து" எண்டா. மற்றவ கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டு நிண்டா. ஊத்தினன். என்ரை கண்ணீரும் அந்தத் தண்ணியோடைதான் போச்சு.

முன்பக்கம் அந்தப் பிள்ளையின்ரை மாப்பிள்ளை சுவரிலை தலையை வைச்சு அழுதுகொண்டு நிண்டார். புடவைக் கடைக்காரர், பள்ளிவாசலுக்கு அள்ளிக் குடுக்கிறவர், தொழுகைக்கு முதல் வரிசை. இப்பிடி ஒரு மனுசன் கிடைக்க அவ குடுத்து வைச்சிருக்கோணும் எண்டு வந்த சனம் சொல்லுது.

குளிப்பாட்டுற ஆக்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. மையத்திலை கண்ட குறையை வெளியிலை விடக் கூடாது, அது அமானிதம், எங்களை நம்பி ஒப்படைச்சது. நல்ல சட்டம், நான் எண்டைக்கும் மீறினதில்லை. ஆனா அண்டைக்கு வீட்டை வந்து குளிச்சுத் தொழுதிட்டு இருந்தா, மனசு கிடந்து அடிக்குது. மறைக்கச் சொன்னது மையத்தின்ரை குறையை எல்லோ? அந்த முதுகிலை கிடந்தது அவவின்ரை குறையோ? அடிச்சவனின்ரை கையெழுத்து அது!

நாப்பதாம் நாள் கத்தம் ஓதி முடிய முந்தியே அவருக்குப் பொம்பிளை பாக்கத் தொடங்கிச்சினம். இத்தா எண்டு காத்திருக்கிறது பொம்பிளைக்குத்தானே, ஆம்பிளைக்கு இல்லை. ஒருநாள் பின்னேரம், பக்கத்துத் தெருவிலை தையல் தைச்சுப் பிழைக்கிற ஒரு உம்மா என்னட்டை வந்தா. மனுசன் இல்லை, ஒரே ஒரு குமர்ப்பிள்ளை. அந்தப் பிள்ளையைத்தான் கேட்டிருக்கினமாம், சீதனம் ஒண்டும் வேண்டாமாம்.

"நீங்கள் அந்த வீட்டோடை பழகினனீங்கள். என்ரை பிள்ளையைக் குடுக்கலாமோ? அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லுங்கோ" எண்டு என்ரை கையைப் பிடிச்சா.

அல்லாஹ்வுக்குப் பயந்துதான் சொன்னன். கலியாணத்துக்கு எண்டு விசாரிச்சு வாறவையிட்டைத் தெரிஞ்சதை மறைக்கிறது துரோகம் எண்டுதான் நான் ஓதிப் படிச்சது, அது புறம் பேசுறதிலை சேராது. கண்டதைக் கண்டபடி சொன்னன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. குடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே அவ எழும்பிப் போனா.

அந்தச் சம்பந்தம் நிண்டுது. ஆனா ஏன் வேண்டாம் எண்டு மாப்பிள்ளை வீட்டார் நெருக்க, பாவம், அந்த உம்மா பயந்துபோய் என்ரை பேரைச் சொல்லிப் போட்டா. பிறகென்ன? தெருவே ரெண்டுபட்டுது. மவுத்தானவவின்ரை மானத்தைக் கப்பலேத்திப் போட்டாளாம், மையத்தைப் பாத்துக் கதை கட்டுறாளாம். என்ரை மனுசனைத் தெருப் பெரியாக்கள் கூப்பிட்டு இருத்தி விசாரிச்சினம். அவர் திரும்பி வந்து, "உண்மையோ?" எண்டு ஒரு சொல்லுத்தான் கேட்டார். ஓம் எண்டன். அதுக்குப் பிறகு என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. அந்த ஒரு ஆறுதல்தான் எனக்கு அந்த நேரம் கிடைச்சது.

அந்தப் பெரியாக்கள் லாத்தாவிட்டையும் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கினம். அவ காய்ச்சல் அடையாளத்தைத் தவிர வேறை ஒண்டும் காணேல்லை எண்டிட்டா. மற்றவ அண்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிண்டவதானே, அவவும் அதையே சொன்னா. முடிஞ்சுது கதை. நான் பொய்க்காரி.

பொறுக்கேலாமல் லாத்தா வீட்டை போனன். கேற்றடியிலை வைச்சே கேட்டன், எப்பிடி லாத்தா உங்களுக்கு மனசு வந்தது எண்டு. அவ கத்தேல்லை. "எங்களை நம்பித்தானே சனம் உடம்பைத் தருது. இனி ஒரு பொம்பிளை மவுத்தாப் போக, இவளவை என்னத்தைப் பாத்து என்னத்தைச் சொல்லுவாளவையோ எண்டு பயப்பிட மாட்டினமோ?" எண்டா.

அந்தக் கேள்விக்கும் ஒரு நியாயம் இருக்கு, இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா எனக்கு வாய் நிக்கேல்லை. "நம்பி உடம்பைத் தந்தது அவ, லாத்தா. நீங்கள் காப்பாத்தினது அவனை" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

அண்டையிலை இருந்து என்னை ஒரு மையத்துக்கும் கூப்பிடுறேல்லை. போன வருசம் என்ரை சொந்த மாமி மவுத்தான நேரமும், நான் அறைக்குள்ளை இருக்க வேறை ஆக்கள் வந்து குளிப்பாட்டிச்சினம். தையல்கார உம்மாவாவது ஒரு சலாம் சொல்லுவா எண்டு பாத்தன். அதுவும் இல்லை. அந்தக் கதை அடிபட்ட பிறகு அவவின்ரை பிள்ளைக்கு ஒரு சம்பந்தமும் சரிவரேல்லையாம், அதுக்கும் நான்தான் காரணமாம். றோட்டிலை கண்டா மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போறா. அவவின்ரை பிள்ளையின்ரை முதுகு முழுசா இருக்கு எண்டு நான் எனக்குள்ளை சொல்லிக்கொள்ளுவன். ஆனா நோகும்.

அந்த மனுசனுக்கு என்ன குறை? ஒண்டுமில்லை. ஆரும் விசாரிக்க வராத தூர ஊரிலை போய் ஒரு பிள்ளையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்திட்டார். இப்பவும் முதல் வரிசைதான்.

போன நோன்புப் பெருநாள் தொழுகைக்கு அந்தப் புதுப் பிள்ளையும் வந்திருந்தா. தொழுகை முடிய எல்லாரும் கட்டிப் பிடிச்சு முபாரக் சொல்லுற நேரம் நானும் போய்க் கட்டிப்பிடிச்சன். வேணுமெண்டுதான் உள்ளங்கையை முதுகிலை மெல்ல வைச்சன். அந்தப் பிள்ளை "ஸ்..." எண்டு உடம்பை இழுத்துக்கொண்டு, உடனை சிரிச்சுக் காட்டினா. பக்கத்திலை லாத்தா நிண்டவ. அவவும் கண்டா. இந்த முறை காய்ச்சல் எண்டு சொல்ல வழியில்லை, குனிஞ்சு தொழுத முசல்லாப் பாயை மடிக்கத் தொடங்கினா.

நான் அந்தப் பிள்ளையின்ரை காதிலை என்ரை வீட்டு அடையாளத்தைச் சொன்னன். எந்த நேரமும் வரலாம், நான் கூட வாறன், பொலிசுக்கெண்டாலும் வாறன் எண்டன். அவ தலையாட்டேல்லை. ஆனா என்ரை கையை உடனை விடவுமில்லை. இன்னும் வரேல்லை. கேற் சத்தம் கேட்டா நான் இப்பவும் எழும்பிப் போய்ப் பாக்கிறன்.

இனி ஒரு மையத்துக்கும் என்னைக் கூப்பிடாட்டிலும் போகட்டும். மையத்திலை கண்டதைச் சொல்லக் கூடாது எண்டு எனக்குப் படிப்பிக்க எத்தினையோ பேர் வந்தினம்; உயிரோடை இருக்கிறவளின்ரை முதுகிலை கண்டதைச் சொல்லக் கூடாது எண்டு எந்த மார்க்கக் கிதாபிலை இருக்கு எண்டு ஒருத்தரும் இன்னும் எனக்குக் காட்டேல்லை.