வரைபடத்தில் இல்லாத ஏழு மீட்டர்

"பேப்பர்ல கோடு போட்டா கேபிள் தானா பூடுமா, மா?"

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் வாசலில், எங்களுக்குக் கேபிள் இழுக்கும் மேஸ்திரி அண்ணன், இடம் பார்க்க வந்தபோது கேட்டது இது. மீஞ்சூரில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கம்பெனியில் நான் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தத் தொழிற்சாலை ஷெட்டில் நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடுவது, நான் தனியாகச் செய்த முதல் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஸ்கேலால் வரைபடத்தை அளந்து, ஐந்து பெட்டி கேபிள் போதும் என்று அன்று காலையே முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். சாயங்காலம் அவர் அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பப் போகிறார்.

அண்ணன் கோபமாகப் பேசவில்லை. போன வருஷம் வேறோர் இடத்தில் கேபிள் பத்தாமல் போயிற்றாம். இந்தக் கேபிளை நடுவில் ஒட்டுப் போடக் கூடாது. குறைந்தால் முழுசாக வேறு இழுக்க வேண்டும். வீணாக்கியதாகச் சொல்லி அவர் கூலியில் பிடித்துக்கொண்டார்களாம்.

"நீ எழுதிட்டுப் பூடுவ. பத்தலன்னா கேக்கறது என்னியத்தான்."

இந்த முறை அப்படி ஆகாது என்று காட்டத்தான் அவரை உள்ளே அழைத்துப் போனேன். அங்கே அண்ணாந்து பார்த்தபோதுதான் புரிந்தது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடுகிற தரையில் கேபிள் போட முடியாது. ஒவ்வொன்றும் மேஜையிலிருந்து கூரைக்கு ஏறி, உத்திரத்தோடு ஓடி, மறுமுனையில் இறங்க வேண்டும். ஏற ஏழு மீட்டர், இறங்க ஏழு மீட்டர். நான் அளந்த படத்தில் அது இல்லை.

எங்கள் வீட்டுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். கையைத் தூக்கினால் ஓடு தட்டும். உயரமும் ஒரு தூரம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சொல்லாமல் இருந்தால் விலை குறைவாக இருக்கும், கம்பெனிக்கு இந்த வேலை கிடைத்துவிடும். அண்ணனின் கூலி போகும். சொன்னால் என் முதல் கணக்கு தப்பு என்றாகும், கம்பெனிக்கு இந்த வேலையே கைவிட்டுப் போகலாம். கேட் எதிரே ஒரு ரூபாய் போன் இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டு, எட்டுப் பெட்டி வேண்டும் என்றேன். 

"படிச்ச பொண்ணுன்னு நம்பினேனே," என்றார். பிறகு, புதிதாக எழுதிக் கொண்டு வரச் சொன்னார்.

போனை வைத்தேன். பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். "நாஷ்டா துன்னியாமா?" என்று சாப்பாட்டை மட்டும் விசாரித்தார்.

தொழிற்சாலைக்காரர்கள் நிறையப் பேரம் பேசினார்கள். ஆனாலும் வேலையை எங்களுக்கே கொடுத்தார்கள். வேலை முடிந்த அன்று, மிஞ்சிய சிறு கேபிள் சுருளை அண்ணன் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் கூலி முழுசாக வந்தது.

அடுத்து கடம்பத்தூரில் ஓர் அரிசி ஆலை. வரைபடம் இன்னும் வரவில்லை. கூரை எவ்வளவு உயரம் என்று போன் செய்து கேட்டு, நோட்டில் முதல் வரியாக எழுதிவிட்டேன்.